மூன்று மைல் கோட்டுக்கு உள்ளே

கோரி, ஜெர்சி
17 ஜனவரி 2021

அன்பு மகள் லினெட்டுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளை ரெஜிஸும் குட்டி சொலேனும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் வலது முழங்கால் மட்டும் சுகமில்லை. அது சுகமாக இருந்த காலத்தில் ஒருவரும் அதை விசாரித்ததில்லை, ஆகவே இப்போதும் வேண்டாம்.

கையில் போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று நினைப்பாய். அம்மாவின் உத்தரவு. "போன்ல உங்க வாய் உங்களுக்கு முன்னாடி ஓடுது. எழுதுங்க. நீங்க ஒரு வரி எழுதி முடிக்கறதுக்குள்ள கோவம் தூங்கிப் போயிடும்" என்கிறாள். கிறிஸ்துமஸ் அன்று "இனிமே எங்க தண்ணி எங்களுக்கு" என்று நான் சொன்னது உன் காதுக்கு மட்டும் என்று நினைத்தேன். உன் போன் சாப்பாட்டு மேசை நடுவில் ஊருக்கே கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தது, மாப்பிள்ளை பக்கத்தில் வாத்துக்கறி வெட்டிக்கொண்டிருந்தார் என்பதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? நீ பேச்சை முறித்த சத்தம் பதினைந்து மைல் கடலைத் தாண்டி இங்கே கேட்டது.

முந்தின நாள்தான் லண்டனுக்கும் ஐரோப்பிய யூனியனுக்கும் பிரிவு ஒப்பந்தம் முடிந்தது என்று டிவியில் சொல்லியிருந்தார்கள். அந்த வேகத்தில் வந்த பேச்சு அது. நாம் ஜெர்சிக்காரர்கள் அந்த யூனியனில் சேரவும் இல்லை, விலக ஓட்டுப் போடவும் இல்லை. லண்டன் பிரஸ்ஸல்ஸை விவாகரத்து செய்தது. சட்டி பானை பிரிக்கிற இடத்தில் நம்மை நிற்க வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சுப் படகுகள் நம் தண்ணீருக்குள் வர இனி நம் தீவின் அலுவலகம்தான் உரிமம் தர வேண்டுமாம்.

இன்னொரு செய்தி. மீனவர் சங்கத்துக்கு என்னைத் தலைவர் ஆக்கிவிட்டார்கள். தேர்தல் நடக்கும்போது நான் கழிவறையில் இருந்தேன். வெளியே வந்தால் எல்லோரும் கை தட்டுகிறார்கள். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ராய் பிகோ தோளில் கை போட்டு, "ஹெட்லி, நம்ம கூட்டத்துல உனக்குத்தான் எதிரியே இல்ல. உன்னைப் பார்த்தா ஒருத்தனுக்கும் கோவம் வராது" என்றான். அது பாராட்டா என்று வீடு வரும் வரை யோசித்தேன்.

பிரெஞ்சுக் கரையில் உங்கள் கார்த்ரே துறையில் நண்டை இறக்கிவிட்டு உன் வீட்டில் மதியம் சாப்பிட்ட காலம் போயிற்று. கொரோனா முடியும் வரை பெட்டிகள் கரை ஏறலாம், நான் ஏறக் கூடாது. உங்கள் ஊர் விளக்குகள் என் ஜன்னலில் தெரிகின்றன. இந்தக் கடிதமோ லண்டனையும் பாரிஸையும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் உன்னிடம் வரும். கடிதத்துக்கு என்ன, அதன் முழங்கால் நன்றாக இருக்கிறது.

சொலேனுக்கு முத்தம். மாப்பிள்ளையிடம் நான் விசாரித்ததாகச் சொல். எப்படிச் சொல்வது என்று நீயே பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா


கார்த்ரே
9 பிப்ரவரி 2021

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுத்தான் வந்தது. நாங்கள் மூவரும் நலம். சொலேனுக்கு முன்பல் ஆடுகிறது. அதைத் தாத்தாவிடம் காட்டாமல் விழ விடமாட்டேன் என்று கஞ்சியாகக் குடிக்கிறாள். அம்மாவின் இருமல் எப்படி இருக்கிறது? முழங்காலுக்கு வைத்தியரைப் பாருங்கள்.

கிறிஸ்துமஸ் பேச்சை விட்டுவிடலாம் அப்பா. ரெஜிஸ் அன்றைக்கே, "மாமா பேசினா பேசட்டும், அவருக்கும் சாப்பாட்டுப் பிரச்சினைதானே" என்று முடித்துவிட்டார்.

இப்போது எங்களுக்கு ஒரு பெரிய கவலை. ஜெர்சித் தண்ணீரில் சிப்பி வாருவதற்கு உரிமம் வேண்டுமானால், இதற்கு முந்தின வருடங்களிலும் அங்கே தொழில் செய்தோம் என்று காட்ட வேண்டும். பெரிய படகுகளில் அவை எங்கே போயின என்று பதியும் கருவி இருக்கிறது. எங்களுடையது சின்னப் படகு, அந்தக் கருவி இல்லை. எத்தனை பெட்டி இறக்கினோம் என்று கூட்டுறவில் எழுதியிருக்கிறது. எந்தத் தண்ணீரில் வாரினோம் என்று எங்கேயும் இல்லை. வருடத்தில் பாதி வருமானம் உங்கள் பக்கத்திலிருந்துதான். உரிமம் இல்லையென்றால் படகை வைத்திருக்க முடியாது.

ஜெர்சி மீனவர் ஒருவர், இந்தப் படகை இன்னின்ன இடத்தில் பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்திட்டால் அதையும் கணக்கில் எடுப்பார்களாம். ரெஜிஸ் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மாமாவை விட வேற சாட்சி யாரு? பதினோரு வருஷமா என்னை அவர்தானே மேய்க்கறார்." உண்மைதானே அப்பா. தினமும் காலை ஏழு மணிக்கு வயர்லெஸில் "மாப்ளே, இன்னிக்கு என் கூடு இந்தப் பக்கம்" என்று நீங்கள் இடம் சொல்வீர்கள். இவர் நீங்கள் நண்டு பிடிக்கப் போட்ட கூடுகள் மேல் சிப்பி வாரும் தன் இரும்புக் கூடையை இழுக்காமல் தள்ளிப் போவார். வடகிழக்குக் காற்று வலுத்தால், "பாறைக்குப் பின்னால வந்துடு, இங்க தண்ணி அமைதியா இருக்கு" என்று கூப்பிட்டதும் நீங்கள்தான்.

ஒரு பக்கம் எழுதினால் போதும். செய்வீர்கள்தானே?

உங்கள் மகள்,
லினெட்


கோரி
3 மார்ச் 2021

அன்பு லினெட்டுக்கு,

நலம். நலமே விரும்புகிறேன். அம்மாவின் இருமல் குறைந்துவிட்டது. என்னைத் திட்டும் அளவுக்கு மூச்சு வந்துவிட்டது என்பதை வைத்துச் சொல்கிறேன்.

பல்லை விழ விடச் சொல். தாத்தாவுக்கு எத்தனை பல் போயிருக்கிறது, ஒருவரும் வந்து பார்க்கவில்லை.

இங்கே குளிர் குறையவில்லை. எஞ்சினில் தண்ணீர்க் குழாய் ஓட்டை விழுந்து, அதை அடைக்கப் போய், நல்லதாக இருந்த பக்கத்துக் குழாயையும் உடைத்துவிட்டேன். மெக்கானிக் வந்து பார்த்து, "இதைச் செஞ்சது யாரு?" என்று கேட்டான். "ஒரு முட்டாள் வந்திருந்தான், போயிட்டான்" என்றேன். சங்கக் கூட்டம் இந்த மாதம் நான்கு மணி நேரம் நடந்தது. பிஸ்கட் தீர்ந்த பிறகும் நடந்தது. தலைவர் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. நான் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒரு தரப்பு கை தட்டுகிறது.

நீ கேட்ட விஷயம் மனதில் இருக்கிறது. என் கையெழுத்தைப் பார்த்தால் அலுவலகத்தில் உள்ளவர்கள் நண்டு நடந்த தடம் என்று நினைப்பார்கள். பார்க்கலாம். அவசரம் இல்லை என்றுதான் இங்கே பேசிக்கொள்கிறார்கள்.

அம்மா ஆப்பிள் ஜாம் ஒரு போத்தல் எடுத்து வைத்திருக்கிறாள். தபாலில் அனுப்பினால் சுங்கத்துக்கு மூன்று படிவமாம். ஜாமுக்கு இத்தனை மரியாதை கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் நானே ஜாமாகப் பிறந்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா


கார்த்ரே
11 மே 2021

அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே.

இரண்டு மாதம் எழுதாமல் இருந்துவிட்டேன். உங்கள் கடிதத்தில் குழாய் இருந்தது, நாற்காலி இருந்தது, ஜாம் இருந்தது. அந்த நான்கு மணி நேரக் கூட்டத்தில் என்ன முடிவு எடுத்தீர்கள் என்பது மட்டும் இல்லை. அதை இங்கே செய்தித்தாளில் படித்தேன். எந்தப் பிரெஞ்சுப் படகுக்கும் எந்த உறுப்பினரும் சாட்சி சொல்லக் கூடாது. கீழே, தலைவர் ஹெட்லி மூரன்.

போன வியாழக்கிழமை இங்கிருந்து படகுகள் எல்லாம் உரிமம் கேட்டு உங்கள் துறைமுகத்தை மறிக்கப் போயின. ரெஜிஸுக்குப் போக மனமில்லை. ஆனால் எல்லாப் படகும் போக இவர் படகு மட்டும் கட்டிக் கிடந்தால், நாளை எஞ்சின் நின்றுபோகும்போது கயிறு வீச ஒருவரும் வரமாட்டார்கள். உங்களுக்குத் தெரியாததா. மற்றவர்கள் சிவப்புப் புகை கக்கும் குச்சிகளைக் கொளுத்திக் கத்தியபோது இவர் துறைமுகச் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். நீங்கள் சுவர்மேல் பிகோவோடு நின்றீர்களாம். இவர் கையை ஆட்டினாராம்.

வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றும்போது, "மாமா என்னைப் பார்த்தார். கையை ஆட்டலை" என்றார். நான் சூப்பைச் சுட வைத்தேன்.

சின்னப் படகுகளுக்கு செப்டம்பர் கடைசி வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போடுவீர்களா, மாட்டீர்களா? மாட்டேன் என்றாலும் சொல்லிவிடுங்கள். நாங்கள் வேறு வழி பார்க்கிறோம்.

லினெட்


கோரி
13 ஜூன் 2021

அன்பு மகளுக்கு,

எல்லோரும் நலம். உன் கடிதத்தை அம்மாவும் படித்தாள். அதன் பிறகு இரண்டு நாள் அவள் எனக்குப் பரிமாறிய உருளைக்கிழங்கு வேகவில்லை. இது உருளைக்கிழங்கு ருசியாக இருக்கும் மாதம் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்.

முதலில் அந்தக் கை. ஒரு கையில் சாண்ட்விச். இன்னொரு கையில் பிகோவின் தொலைநோக்கி. அதைத் தவறான பக்கம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்; மாப்பிள்ளை படகு எங்கோ பிரேசில் பக்கம் இருப்பதுபோல் தெரிந்தது. இது நான் உனக்குச் சொல்லும் காரணம். அம்மாவிடம் சொன்னேன், அவள் நம்பவில்லை. நீயும் நம்ப வேண்டாம். சுவர்மேல் நம் சங்கத்து ஆட்கள் நாற்பது பேர் நின்றார்கள். கை தானாக எழும்பவில்லை, நானும் எழுப்பவில்லை.

லண்டனிலிருந்து இரண்டு ரோந்துக் கப்பல் வந்து நின்றது. பிகோவுக்கு ஒரே குஷி. "பாத்தியா ஹெட்லி, நமக்காக ராணி கப்பல் அனுப்பிருக்காங்க" என்றான். "நம்ம நண்டை வாங்கவும் அவங்களே வருவாங்களா?" என்று கேட்டேன். சிரித்தார்கள். நான் கேட்டது சிரிக்க அல்ல. என் நண்டு முழுவதையும் வாங்குவது உங்கள் ஊர்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எழுதிவிட்டேன். கையெழுத்தும் போட்டாயிற்று, திங்கட்கிழமை அலுவலகத்தில் நானே கொடுத்துவிட்டு வந்தேன். சங்கத்துக்குத் தெரியாது. ஒரு பக்கம் கேட்டாய். ஏழு பக்கம் வந்தது. ரெஜிஸ் எந்தக் காற்றுக்கு எங்கே வாரினார், எந்தப் பாறைக்குப் பின்னால் ஒதுங்கினார், என் கூடு எங்கே கிடந்தது என்று ஓர் இடம் விடாமல் எழுதியிருக்கிறேன். தேவாலயக் கோபுரம் எந்த முனைக்கு நேராகத் தெரியும் என்பது வரை இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டுரைகூட முடிக்காதவன். வாங்கிப் பார்த்த பெண் அதிகாரி, "இவ்வளவு விவரமா யாருமே குடுத்ததில்ல, மிஸ்டர் மூரன்" என்றார். வெளியே வந்து ஐஸ்கிரீம் வாங்கித் தின்றேன்.

இனி என்னிடம் கோபம் வேண்டாம்.

அன்புடன்,
அப்பா


கார்த்ரே
2 ஜூலை 2021

அன்பான அப்பாவுக்கு,

நலம், நலம், நலம். நீங்களும் அம்மாவும் நூறு வயது வரை நலமாக இருங்கள்.

உங்கள் கடிதத்தைத் துறையில் வைத்தே ரெஜிஸிடம் படித்துக் காட்டினேன். தொலைநோக்கிக் கதையில் சிரித்தவர், ஏழு பக்கம் என்றதும் திரும்பிக்கொண்டு கயிறு சுற்ற ஆரம்பித்தார். சுற்றின கயிற்றையே மறுபடி சுற்றினார். பிறகு, "சங்கத்துல தெரிஞ்சா மாமாவை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்களே" என்றார். "அவங்களுக்குத் தெரியாது" என்றேன். "ஏழு பக்கமா எழுதினார்?" என்று மறுபடி கேட்டார். இரவு சாப்பாட்டின்போது மூன்றாம் தடவை கேட்டார்.

பயணிகள் கப்பல் ஆகஸ்டில் மறுபடி ஓடும் என்கிறார்கள். ஓடினதும் நீங்கள் இருவரும் வந்தாக வேண்டும். உங்களுக்குப் பிடித்த அரிசிப் பாயசம், அடுப்பில் ஐந்து மணி நேரம் வைத்துச் செய்கிறேன். ரெஜிஸ் தன் பெரியப்பா வீட்டு ஆப்பிள் பிராந்தியில் ஒரு போத்தல் ஒதுக்கிவிட்டார். அதில் "மாமா" என்று எழுதி ஒட்டியிருக்கிறார். சொலேனின் பல் விழுந்தது. தீப்பெட்டியில் வைத்து உங்களுக்காகக் காத்திருக்கிறாள்.

படகுக்குச் சிப்பி வாரும் புது வலைக்கூடை சொல்லியாயிற்று. இதுவரை தயங்கிக்கொண்டிருந்தோம். உங்கள் கடிதம் வந்த மறுநாளே சொல்லிவிட்டார்.

அன்பு முத்தங்களுடன்,
லினெட்


கோரி
29 ஆகஸ்ட் 2021

அன்பு லினெட்டுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கும் குறைவிருக்காது.

கப்பல் ஓடுகிறது, பார்த்தேன். வெள்ளைச் சாயம் அடித்து அழகாக இருக்கிறது. ஆனால் முழங்கால் படி ஏற மறுக்கிறது. கூரையில் ஓடு நகர்ந்திருக்கிறது. சங்கத்திலும் வேலை. அம்மா மட்டும் வரட்டுமா என்று கேட்டேன், நீங்கள் வராமல் நான் எதற்கு என்கிறாள். பாயசம் அடுத்த முறைக்கு இருக்கட்டும்.

புது வலைக்கூடைக்கு அவசரப்பட்டிருக்க வேண்டாமோ என்று தோன்றுகிறது. பதில் வந்த பிறகு வாங்கியிருக்கலாம். அலுவலகக் காரியம் எப்போது எப்படித் திரும்பும் என்று யார் கண்டது. சும்மா சொல்கிறேன்.

கானாங்கெளுத்தி நிறைய வருகிறது. தீப்பெட்டியைப் பத்திரமாக வைக்கச் சொல்.

அப்பா


கார்த்ரே
5 அக்டோபர் 2021

அப்பாவுக்கு,

அம்மா நலமா?

உரிமம் இல்லை என்று எழுத்தில் வந்துவிட்டது. முப்பது நாள் கொடுத்திருக்கிறார்கள், அதன் பிறகு உங்கள் தண்ணீருக்குள் போனால் குற்றம்.

காரணம் கேட்டு ரெஜிஸ் போன் செய்தார். அந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். நீங்கள் குறித்துக் கொடுத்த இடங்களில் மூன்றில் இரண்டு பங்கு மூன்று மைல் கோட்டுக்கு உள்ளே இருக்கின்றனவாம். அங்கே ஜெர்சிப் படகுகளுக்கு மட்டும்தான் எப்போதும் அனுமதி. திருட்டுத்தனமாகப் போன இடத்தைப் பழைய உரிமை என்று கணக்கில் எடுக்க முடியாது. கோட்டுக்கு வெளியே மிஞ்சியது போதாது. "உங்க மாமனார் ரொம்ப நேர்மையானவர். எதையும் மறைக்கலை" என்றாராம். அதைச் சொல்லும்போது ரெஜிஸ் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் முன்பு பார்த்ததில்லை.

அந்த இடங்களுக்கு அவரைக் கூப்பிட்டது நீங்கள். காற்று அடிக்கும்போது, குடும்பம் என்று, நீங்களாகக் கூப்பிட்டீர்கள். பாறைக்குப் பின்னால் என்று எழுதாமல் விட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஒரு பக்கம்தான் அப்பா கேட்டேன்.

சனிக்கிழமை நீங்கள் நண்டு இறக்க வந்ததும் தெரியும். துறையில் கூட்டமாக நின்று மறித்தவர்களில் முன்னால் நின்றவர் ரெஜிஸ். "ஐயா, இங்க இறக்க முடியாது. திரும்பிப் போங்க" என்றாராம். பதினோரு வருடமாக மாமா என்று கூப்பிட்ட வாய் அது. நான் அதற்காக அவரைக் கடிந்துகொள்ளவில்லை.

எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்துதான் எழுதினீர்களா?

லினெட்


கோரி
20 அக்டோபர் 2021

அன்பு லினெட்டுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். குளிர் சீக்கிரம் வந்துவிட்டது. நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன்.

அன்று கொண்டு வந்த நண்டைத் திருப்பிக் கொண்டுபோய் நம் ஊர்ச் சந்தையில் தள்ளுவண்டியில் வைத்து விற்றேன். உன் அப்பன் வியாபாரி ஆன கதையை நீ பார்த்திருக்க வேண்டும். ஓர் அம்மாள் வந்து, "இது உயிரோட இருக்கே" என்றார். "ஆமாம்மா, நானும்தான்" என்றேன். வாங்கவில்லை. இந்தத் தீவில் நண்டை ரொட்டிக்கு நடுவில் வைத்துத் தந்தால்தான் தின்பார்கள். காலோடும் கொடுக்கோடும் பார்த்தால் பயம். மூன்று விற்றது. மிச்சத்தைக் கடலிலேயே விட்டேன். அவை என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மரியாதையும் இல்லை.

உங்கள் ஊர்ப் பெரிய படகுகளுக்கு உரிமம் கிடைத்துவிட்டது, கருவி இருந்ததல்லவா. அவர்கள் ஏழு மணிக்கு யாரையும் கேட்பதில்லை. போன வாரம் என் கூடுகளில் ஒரு வரிசை முழுவதையும் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அம்மா கேக் செய்தாள். நடுவில் வேகவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா


கோரி
4 நவம்பர் 2021

என் கண்ணு லினெட்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். இருமல் இல்லை, நன்றாக இருக்கிறேன். நீ மெலிந்திருப்பாய் என்று எனக்குத் தெரியும், ஒழுங்காகச் சாப்பிடு.

உன் அப்பா அனுப்பிய கடிதத்தை ஒட்டுவதற்கு முன் படித்தேன். நீ கேட்டது அதில் இல்லை. "எழுதியாச்சா?" என்றேன். "எல்லாம் எழுதியாச்சு" என்றார். நண்டைப் பற்றி எழுதியிருக்கிறார்.

அவர் உன்னிடம் சொல்லாததை நான் சொல்லிவிடுகிறேன். உரிமம் மறுத்த பட்டியல் வந்த அன்று மாலை சங்கத்து ஆட்கள் துறைமுகத்து மதுக்கடையில் கூடினார்கள். நான் அவரைச் சாப்பிடக் கூப்பிடப் போயிருந்தேன். பிகோவுக்கு எப்படியோ அந்த ஏழு பக்கம் பற்றித் தெரிந்துவிட்டது. அவர்கள் கோபப்படுவார்கள் என்றுதான் நான் வாசலிலேயே நின்றேன். கோபமே இல்லை. பிகோ இவர் முதுகில் தட்டி, "சொந்த மாப்பிள்ளைக்கே சாட்சி சொல்ற மாதிரி சொல்லி, கழுத்துல கயிறு மாட்டிட்டியேடா. உன்னைப் போய் நாங்க அப்பாவின்னு நெனச்சோமே" என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு பெரிய கோப்பை பீர் வாங்கி வைத்தார்கள்.

இல்லை என்று சொல்வார் என்று நான் காத்திருந்தேன் லினெட். அவர் அந்தப் பீரைக் குடித்தார். முழுவதும் குடித்தார்.

நான் கூப்பிடாமல் திரும்பி வந்துவிட்டேன்.

போன திங்கட்கிழமை அலுவலகத்திலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். சாம்பல் நிறச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனார். உன் கல்யாணத்துக்கு வாங்கினது. வந்ததும் கழற்றி மடித்து வைத்தார். என்ன கேட்டார்கள் என்றேன். "டீ குடுத்தாங்க" என்றார். அதற்குமேல் என்னால் ஒன்றும் பெயர்க்க முடியவில்லை.

குழந்தைக்கு முத்தம். ரெஜிஸிடம் நான் என்ன சொல்ல முடியும், நீயே சொல்.

அம்மா


கார்த்ரே
23 நவம்பர் 2021

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். கழுத்துக்குத் துணி சுற்றாமல் வெளியே போகாதீர்கள். நீங்கள் தனியாக வருவதாக இருந்தால் எந்த நாளும் வரலாம். உங்கள் அறை தயாராக இருக்கிறது.

படகு விற்றாயிற்று. தெற்கே யாரோ வாங்கியிருக்கிறார்கள்; சுற்றுலாக்காரர்களை ஏற்றுவார்களாம். உரிமம் இல்லாத படகுக்கு மரக்கட்டை விலை. கேட்டு வந்தவர் புது வலைக்கூடையைப் பார்த்து, "இது எனக்கு எதுக்கு?" என்றார். அது கொல்லையில் கிடக்கிறது.

ரெஜிஸுக்கு ஷெர்பூரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் மீன் வெட்டும் வேலை. வெள்ளைத் தொப்பி, பெயர் எழுதின அட்டை. நார்வேயிலிருந்து வரும் பண்ணை மீனைத் துண்டு போடுகிறார். "இதுக்கு முள்ளு எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியலை" என்று முதல் நாள் சொன்னார். இப்போது தெரிந்துவிட்டது. சாயங்காலம் வந்து கையை நான்கு தடவை கழுவுகிறார். கடல் மீன் நாற்றத்துக்கு அவர் ஒரு நாளும் கழுவினதில்லை.

அப்பாவிடம் சொல்லுங்கள். அக்டோபரில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். வேடிக்கை இல்லாமல் பதில் வேண்டும். வேடிக்கையாக எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

உங்கள் லினெட்


கோரி
12 டிசம்பர் 2021

லினெட்டுக்கு,

அம்மா நலம். நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும்.

வேடிக்கை இல்லாமல் எழுதச் சொன்னாய். மூன்று தாளைக் கிழித்துப் போட்ட பிறகு இது நான்காவது.

தெரியும். கோடு எங்கே என்று எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு படகை அதன்மேல் நிறுத்துவேன். எழுதும்போது, இதையெல்லாம் யார் வரைபடத்தில் வைத்துப் பார்க்கப் போகிறார்கள், படகு நம் தண்ணீரில் இருந்தது என்று தெரிந்தால் போதும் என்று நினைத்தேன். பார்த்தால் பார்க்கட்டும், தடுத்தால் தடுக்கட்டும் என்றும் நினைத்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில் நினைத்தேன். இரண்டாவதை உனக்கு எழுதிய கடிதத்தில் விட்டுவிட்டேன்.

ரெஜிஸ் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு நாளாவது அந்தத் தண்ணீரில் நான் மட்டும் நிற்க வேண்டும் என்று ஆசை இருந்தது. எல்லோருக்கும் இருக்கிற ஆசைதான் என்று நினைத்தேன். மற்றவர்கள் அதைக் கத்திச் சொன்னார்கள். நான் எழுதிக் கொடுத்தேன்.

பீர் விஷயத்தை உனக்கு எழுதிவிட்டதாக அம்மா சொன்னாள். குடித்தது உண்மை. வாழ்க்கையில் முதல் தடவையாக என்னைப் பார்த்து அவர்கள் சிரிக்கவில்லை. அதனால் குடித்தேன்.

இனி நீ கேட்காததைச் சொல்கிறேன். அம்மாவிடமும் இன்னும் சொல்லவில்லை.

போன மாதம் என்னைக் கூப்பிட்ட அன்று அலுவலகத்தில் அந்தப் பெண் அதிகாரிதான் இருந்தார். ஏழு பக்கத்தையும் மேசைமேல் விரித்து வைத்திருந்தார். கதவைச் சாத்தினார். "மிஸ்டர் மூரன், இந்த இடமெல்லாம் நீங்க ஞாபகத்துலேருந்துதானே எழுதினீங்க?" என்றார். ஆமாம் என்றேன். "ஞாபகம்னா முன்னப் பின்ன இருக்கும். அரை மைல், ஒரு மைல் தப்பறது சகஜம். ஒரு மைல் வெளிய தள்ளிப் போட்டா உங்க மாப்பிள்ளை படகு கணக்குல வந்துடும். நீங்க குறிச்சது தப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. இந்த வாரமே மறுபடி பார்த்துடலாம். எனக்கும் கல்யாணமான ஒரு பொண்ணு இருக்கா" என்றார். வெற்றுத் தாளையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார்.

அப்போது ரெஜிஸ் படகு விற்கப்படவில்லை. இன்னும் மூன்று வாரம் இருந்தது.

நான் எழுத வேண்டியது ஒரு வரி. நான் தப்பாகக் குறித்துவிட்டேன், எனக்கு ஒன்றும் தெரியாது, நான் ஒரு முட்டாள். என்னைப் பற்றி நான் அதைத்தானே எப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மெக்கானிக்கிடம் சொன்னேன், சங்கத்தில் சொன்னேன், உனக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் சொன்னேன். ஊர் முழுக்க அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறது. அந்த அறையில் ஒரு தடவை, எழுத்தில், கையெழுத்தோடு சொல்லியிருந்தால் உன் வீட்டில் அடுப்பு பழையபடி எரிந்திருக்கும்.

பேனாவை எடுத்தேன். அந்த அம்மாள் ஏழு பக்கத்தையும் ஒன்றாக அடுக்கிக்கொண்டே, ஆறுதலாகத்தான், "வயசானா எல்லாருக்கும் இப்படித்தான் குழம்பும்" என்றார்.

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "நாப்பது வருஷமா அந்தத் தண்ணில இருக்கேன்மா. எனக்கு இடம் தப்பாது" என்றேன்.

அவர் கதவு வரை கூடவே வந்தார். "நிச்சயமாத்தான் சொல்றீங்களா?" என்று கேட்டார்.

"நிச்சயமா" என்றேன்.

அப்பா